ட்ரோகிஷின் இரும்புக் கட்டில்

பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே முப்பத்தைந்து வருஷமாகப் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். பீர், சிகரெட், செய்தித்தாள், ஊறவைத்த வெள்ளரிக்காய், பிள்ளைகளுக்கு அதிமதுர மிட்டாய். சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து வருகிறவன் என் சன்னலில் சாய்ந்து ஒரு பாட்டிலைக் காலி செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். அதனால் இந்தத் தெருவில் யாருக்கு யாரோடு பேச்சு இல்லை என்பது பாதிரியாருக்குத் தெரிவதற்கு ஒரு வாரம் முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அல்வின் ட்ரோகிஷைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை கட்டிக்கொண்டு திரிகிறார்கள், அதில் எது சரி எது பொய் என்று சொல்ல என்னைவிட்டால் ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

போன மாதம்கூட கொலோனிலிருந்து ஒரு பத்திரிகைக்காரப் பையன் வந்தான். "ட்ரோகிஷ் போருக்குப் பிறகு வந்த பெரிய ஓவியர்களில் ஒருத்தராமே, உங்களுக்குப் பழக்கமா?" என்று கேட்டான். நான் சொன்னேன், "தம்பி, அவருக்குப் பென்சில் சீவத் தெரியும். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது." அவன் அதையும் எழுதிக்கொண்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதைச் சொன்னாலும் தத்துவமாகப் படுகிறது.

ட்ரோகிஷ் கிழக்கே ப்ரெஸ்லாவில் ட்ராம் வண்டிகளின் பிரேக்கைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர். பத்தொன்பது வருஷம் அதே வேலை. பிரேக் பிடித்தால் பிடிக்கிறது என்று எழுத வேண்டும், பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று எழுத வேண்டும், நடுவில் ஒன்றும் கிடையாது. அந்த வேலை அந்த மனுஷனின் எலும்பு வரைக்கும் ஏறியிருந்தது. நாற்பத்தாறாம் வருஷப் பஞ்சத்தில், ஒரு தோள்பையோடு அகதியாக இங்கே வந்து நின்றபோது, நான் உருளைக்கிழங்கு அடை சுட்டு நாலு கொடுத்தேன். பசியில் கண் உள்ளே போயிருந்தது. "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். வாய் நிறைய வைத்துக்கொண்டு, "எண்ணெய் சிக்கு வாடை அடிக்குதுங்கம்மா" என்றார். நாலையும் தின்றார். எனக்கு வந்த கோபம் ஒரு வாரம் தீரவில்லை. ஆனால் எண்ணெய் சிக்குத்தான், அதை மறைப்பானேன்.

அவருக்கு ஒரு மனைவி, செல்மா. நாற்பத்தைந்து ஜனவரியில் போர் நெருங்கி ஊரைக் காலி செய்யச் சொன்னபோது அவளை ஒரு ரயிலில் ஏற்றிவிட்டார், இவரைப் பிடித்துப் போருக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து செஞ்சிலுவைச் சங்கத்துப் பட்டியலில் அவள் பெயர் கிடைத்தது. வடக்கே ஹோல்ஷ்டைனில் ஓர் அகதி முகாமில், ஒரு கொட்டகையில் பதினெட்டுப் பெண்களோடு இருந்தாள். இவர் இரண்டு தரம் போய்ப் பார்த்தார். உள்ளே ஆண்கள் தங்கக் கூடாது என்பதால் வேலியோரம் நின்று பேசிவிட்டு வந்தார். அவளை இங்கே கூட்டிவர வேண்டுமென்றால் வீட்டு வசதி அலுவலகத்தின் உத்தரவு வேண்டும். உத்தரவு வேண்டுமென்றால் காகிதத்தில் இரண்டு அறை வேண்டும். பாதி ஊர் இடிந்து கிடக்கிறது, ஓர் அறையில் இரண்டு குடும்பம் நடுவில் போர்வை கட்டிப் படுக்கிறது, இவருக்கு யார் இரண்டு அறை தருவார்கள்? பள்ளிக்கூடத்து நிலவறையில் கொதிகலன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக இருந்தார்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல்மாடியைக் குண்டு கொண்டுபோய்விட்டது. கீழே உடற்பயிற்சிக் கூடமும் மூன்று வகுப்பறைகளும் தப்பின. நாற்பத்தெட்டில் அதற்குள் ஆறு ஓவியர்கள் வந்து சேர்ந்தார்கள். தங்களுக்குக் 'குறுக்குக்கோடு' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆடு, மாடு, மனுஷன், மரம் எதையும் வரைய மாட்டார்கள். கோடு, கறை, புள்ளி, அவ்வளவுதான். என் கடைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை. போர் முடிகிற வரைக்கும் பன்னிரண்டு வருஷம் எல்லாச் சுவரிலும் முறுக்கிய கையும் விறைத்த தாடையுமாக ஆள் படம் பார்த்துப் பார்த்து எனக்கும் மனுஷ முகமே அலுத்துப்போயிருந்தது. வெறும் மஞ்சள் கறை ஒன்றை நின்று பார்த்தால் அது என்னை எங்கேயும் அணிவகுக்கச் சொல்லவில்லை. அதுவே பெரிய நிம்மதி.

அவர்களில் மூன்று பேரை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். எக்பெர்ட் நோட்டெபோம், முன்னாள் லத்தீன் வாத்தியார், சட்டதிட்டம் எழுதுகிறவர். ரோலஃப், மலைமாதிரி ஆள், தரையில் துணியை விரித்து அதன்மேல் நடந்து படம் போடுவான். வில்ட்ரூட், இருக்கிற ஒரே பெண், நாக்கு ரம்பம். மற்ற மூன்று பேரும் இவர்கள் சொல்வதற்கு எதிராகப் பேசுவதற்காகவே இருந்தார்கள்.

நகராட்சி, "பதிவு செய்த சங்கம் என்றால்தான் கட்டடம்" என்று சொல்லிவிட்டது. எங்கள் சட்டத்தில் சங்கம் பதிவு செய்ய ஏழு தலை வேண்டும். இவர்களிடம் ஆறுதான். ஏழாவது தலையைத் தேடி ஆறு வாரம் கூட்டம் போட்டார்கள். அதுவும் இவர்களுக்கு ஒரு விரதம் இருந்தது: எல்லா முடிவும் ஒருத்தர் விடாமல் எல்லாரும் கை தூக்கினால்தான் முடிவு. தலைவர் கிடையாது. "ஒருத்தன் முடிவெடுத்து மத்தவன் எல்லாம் கை தூக்குன காலம் போதும்" என்பார் எக்பெர்ட். நியாயம்தான். ஆனால் ஓர் ஓவியன் பெயரைச் சொன்னால் ஐந்து பேர் கை தூக்குவார்கள், ஆறாமவருக்கு அவன் நீலம் பிடிக்காது. கடைசியில் ஆறு பேருக்கும் ஆட்சேபம் இல்லாத ஒரே ஆள், கொதிகலனுக்குக் கரி போட வந்த ட்ரோகிஷ்.

நீதிமன்றத்தில் சங்கப் பதிவாளர் கெர்ஸ்டிங் என்பவர். சட்டதிட்டத்தைக் கண்ணாடி போட்டு ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு ட்ரோகிஷைப் பார்த்தார்.

"உறுப்பினர் எல்லாரும் பொருளை வரையாத ஓவியர்களா இருக்கணும்னு போட்டிருக்கு. இவர் கரி போடற ஆளுன்னு போட்டிருக்கு."

"இவர் வாழ்நாள்ல ஒரு பொருளையும் வரைஞ்சதில்லைங்க. எங்களைவிடச் சுத்தம்," என்றார் எக்பெர்ட்.

"உண்மையா?"

"உண்மைதாங்க. பள்ளிக்கூடத்துல ஆப்பிள் வரையச் சொன்னாங்க. வரலை," என்றார் ட்ரோகிஷ்.

கெர்ஸ்டிங் அந்த வரியை இன்னொரு தரம் படித்தார். வரவில்லை என்றால் வரையவில்லை என்றுதானே அர்த்தம். முத்திரை குத்திவிட்டார். நகராட்சியும் கட்டடத்தைக் கொடுத்தது, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பினர் குடியிருக்க நிலவறையின் இரண்டு அறைகளையும் சேர்த்து எழுதிக் கொடுத்தது. எலி வளையானாலும் தனி வளை. ட்ரோகிஷ் அன்றைக்கு என் கடைக்கு வந்து, குடிக்காத மனுஷன், ஒரு பீர் கேட்டார். "செல்மாவுக்கு இடம் ஆயிடுச்சுங்கம்மா" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். நானும் உறிஞ்சினேன், எனக்கு ஜலதோஷம்.

அடுத்த பதினைந்து நாளில் அவர் செய்தது ஒரே ஒரு காரியம். இடிந்த ஓட்டலின் கற்குவியலிலிருந்து இரண்டு பேர் படுக்கும் இரும்புக் கட்டில் ஒன்றைத் தோண்டி எடுத்தார். கம்பிகள் பின்னிக் கிடந்தன. சுத்தியலால் அடித்து அடித்து நிமிர்த்தினார், முழுசாக நிமிரவில்லை. வைக்கோல் மெத்தை தைத்தார். பிறகு செல்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. புகைப்படத்துக்கு வழியில்லை. உட்கார்ந்து வரைந்தார். கூட்ட அழைப்பிதழின் பின்பக்கத்தில் முதலில் ஒன்று வரைந்து பழகினார், அதைப் பார்த்து நல்ல தாளில் இன்னொன்று வரைந்து தபாலில் சேர்த்தார். பழகின தாளைக் கூடத்து மேசையில் மறந்து வைத்துவிட்டார்.

சங்கத்து மேசையில் கிடக்கிற தாள் எதுவானாலும் எக்பெர்ட் எண் போட்டு, தேதி போட்டு, முத்திரை குத்திக் கோப்பில் வைத்துவிடுவார். ரொட்டி சுற்றின காகிதத்துக்குக்கூட எண் உண்டு. இதற்கு எண் பதினேழு விழுந்தது. முத்திரை குத்திய பிறகுதான் திருப்பிப் பார்த்தார். முத்திரை விழுந்த காகிதத்தைக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் போட்டே ஆக வேண்டும். அதைக் கிழித்துப் போடலாம் என்று எங்கள் நாட்டில் யாருக்கும் தோன்றாது, எனக்கும் தோன்றவில்லை.

சட்டதிட்டத்தின் நாலாம் பிரிவு இப்படி: எந்த உறுப்பினர் ஒரு பொருளை அடையாளம் தெரியும்படி வரைகிறாரோ, அவர் வரைந்த நாளிலிருந்தே உறுப்பினர் அல்ல. விளையாட்டில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்னால் ரோலஃபின் கறை ஒன்றில் மீன் வால் தெரிகிறது என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை விசாரணை நடந்தது. அவன் கண்ணில் தண்ணீரோடு அதன்மேல் கறுப்புப் பூசி அழித்தான். அப்படிப்பட்டவர்கள் ட்ரோகிஷுக்கு மட்டும் எப்படிக் கண்ணை மூடுவார்கள்?

உறுப்பினர் இல்லை என்றால் அறை இல்லை. அறை இல்லை என்றால் செல்மா இல்லை. அதோடு வீட்டு வசதி அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வேறு வந்திருந்தது. 'இவர் உறுப்பினர்தான், இவர்மேல் விசாரணை ஏதும் நிலுவையில் இல்லை' என்று ஏழு பேரும் கையெழுத்துப் போட்டு பிப்ரவரி முடிவதற்குள் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அறைகள் பட்டியலில் அடுத்து நிற்கும் குடும்பத்துக்குப் போய்விடும்.

ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விசாரணை. மால்ட் காப்பி கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் நானும் ஓரமாக நின்றேன். எண் பதினேழைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். ஆறு பேரும் நெருங்கி, விலகி, தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். நல்ல காலம், யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நானும் பார்த்தேன். கருவாட்டைக் காயப்போட்டமாதிரி இருந்தது.

"எனக்கு ஒரு பொருளும் தெரியலை," என்றார் எக்பெர்ட். அவர் பொய் சொல்ல மாட்டார். முகத்தில் பெரிய ஆறுதல்.

"எனக்கு ஆடு மாதிரி..." என்று ரோலஃப் ஆரம்பித்தான்.

"ஆடும் பொருள்தான், உட்காருய்யா," என்றாள் வில்ட்ரூட்.

"உட்கார்ந்துட்டேன். இப்போ ஆடு இல்லை."

தீர்மானம் வாசித்தார் எக்பெர்ட்: 'எண் பதினேழில் பொருள் எதுவும் இல்லை.' ஆறு கை உயர்ந்தது. ஏழாவது கை ட்ரோகிஷுடையது. அவரும் உறுப்பினர், அவரும் தூக்க வேண்டும். அது மடியிலேயே இருந்தது.

"ட்ரோகிஷ் ஐயா, கை," என்றாள் வில்ட்ரூட்.

"அது கட்டிலுங்க," என்றார் ட்ரோகிஷ்.

எனக்குக் காப்பிப் பாத்திரத்தை அவர் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கிறதென்றால் இதுதான்.

"இதுல கால் அஞ்சு இருக்குய்யா. அஞ்சு கால்ல கட்டில் ஏது?" வில்ட்ரூட் எழுந்து படத்திடம் போனாள்.

"நாலுதாங்க கால். அஞ்சாவது கட்டிலுக்குக் கீழ வைக்கிற மூத்திரப் பானை."

"ஒரு பக்கம் ஏறிப்போய் நிக்குதே?"

"கட்டிலே அப்படித்தாங்க நிக்குது. கட்டில்தான் கோணல், படம் நேர்."

எக்பெர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐயா, நல்லாக் கேளுங்க. எங்க ஆறு பேருக்கும் கட்டில் தெரியலை. நீங்க ஒருத்தர் கை தூக்கினா விவகாரம் முடிஞ்சது, படிவத்துல இப்பவே கையெழுத்துப் போடறேன். நீங்க தூக்காட்டி உங்களை நீக்கவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது. விசாரணை நிலுவைன்னுதான் நான் எழுதணும்."

"எழுதுங்க. ஆனா அது கட்டில்."

அடுத்த ஞாயிறும் அதே கதை, அதற்கடுத்த ஞாயிறும் அதே கதை. ஆறு ஓவியர்கள் ஒரு கரிக்காரரின் காலில் விழாத குறையாக, உன் படத்தில் ஒன்றுமே இல்லை என்று கெஞ்சினார்கள். கோடுகளின் சுதந்திரம் பற்றி ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். ட்ரோகிஷ் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "நல்லாச் சொன்னீங்க, ஆனா அது கட்டில்" என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்கள். இவர் பிடித்த கட்டிலுக்கு ஐந்து.

பிப்ரவரியில் பத்து நாள் பாக்கி இருந்தபோது நான் கடையை அடைத்துவிட்டு நிலவறைக்கு இறங்கிப் போனேன். அவர் கட்டில் காலுக்கு அடியில் மரத்துண்டு சொருகிக்கொண்டிருந்தார்.

"ஏன்யா, உங்களுக்கு மூளை இருக்கா? கட்டில் இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா பொண்டாட்டி வர்றா. ஆமாம்னு பிடிச்சா கட்டில் மட்டும்தான் மிஞ்சும், அதுவும் தெருவுல."

அவர் எழுந்து நின்றார். கூரை தாழ்வு, தலை இடித்தது.

"நாலு வருஷமா எனக்குக் கட்டில் இல்லைங்கம்மா. கொட்டாயில, வைக்கோல்ல, கரிமூட்டைமேல படுத்தேன். ஒவ்வொரு நாளும் இப்படி ஒரு கட்டில் வரும், அதுல அவ படுப்பான்னு நினைச்சுக்கிட்டேதான் படுத்தேன். இப்போ வந்திருக்கு. இதைப் போய் இல்லைன்னு நான் சொல்லி, எழுதி, கீழே கையெழுத்தும் போட்டா, அவ எதுலம்மா படுப்பா?"

நான் ஏறி வந்துவிட்டேன். கடையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். பிறகு கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் மூளை வேலை செய்யும். முகாம் விலாசம் எனக்குத் தெரியும், அவருக்கு வருகிற கடிதமெல்லாம் என் கடைக்குத்தான் வரும். தாளை எடுத்து முன்பின் பார்த்திராத செல்மாவுக்கு நடந்ததை எல்லாம் எழுதினேன். 'அம்மா, உன் புருஷன் உலகத்தில் யார் பேச்சையும் கேட்க மாட்டார். நீ பார்த்து, இது என்னவென்று புரியவில்லை என்று எழுதினால் ஒருவேளை கேட்பார். படத்தில் என்ன தெரிந்தாலும் தெரியவில்லை என்று எழுது' என்று முடித்து அவசரத் தபாலில் போட்டேன்.

இருபத்தாறாம் தேதி பதில் வந்தது. சன்னலில் நின்றபடியே உடைத்தார். வெளிச்சம் போதாமல் என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

'அன்புள்ள அல்வின், படம் வந்தது. தாள் நல்ல தாள். ஆனா அது என்னன்னு எனக்கு விளங்கலை. கொட்டகைல எல்லார்கிட்டயும் காட்டினேன். பாதிப் பேர் கப்பல்ங்கறாங்க. நாம அமெரிக்காவுக்குப் போறோமா? எனக்குக் கடல் ஒத்துக்காதுன்னு உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் நீங்க சொன்னா வர்றேன். செல்மா.'

அவர் கடிதத்தை வாங்கி மடித்தார். மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார். "கப்பல்," என்றார். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. நல்லதுக்குத்தான் செய்தேன், ஆனாலும் ஒரு மனுஷனிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரிதான் இருந்தது. மறுநாள் ஞாயிறு. அவர் கூட்டத்துக்குப் போய், யாரும் கேட்பதற்கு முன்னால் கையைத் தூக்கினார். "கட்டில் இல்லைங்க. அவளுக்கே தெரியலை," என்றார். எக்பெர்ட் படிவத்தில் கையெழுத்துப் போட்டபோது பேனா இரண்டு தரம் தாளைக் கிழித்தது.

மார்ச் மாதம் செல்மா வந்தாள். சின்ன உருவம், முதுகில் இறகு மெத்தை மூட்டை. மறுநாள் காலை என் கடைக்கு வந்து, ஒன்றும் வாங்காமல் நின்றாள்.

"நீங்கதானே ஒட்டீலியம்மா?"

"ஆமாம்மா. கட்டில் சௌகரியமா?"

"நான் பார்த்த உடனே கண்டுபிடிச்சுட்டேங்க," என்றாள். "சன்னல் இடது பக்கம். கீழ பானை. ரெண்டு தலையணை, அதுல ஒண்ணு சின்னது. எனக்குச் சின்னத் தலையணைதான் ஆகும், கழுத்து வலிக்கும். நாலு வருஷம் கழிச்சும் அந்த மனுஷன் அதை மறக்கலை. கொட்டகைல எல்லார்கிட்டயும் காட்டி, என் கட்டில் என் கட்டில்னு அழுதேன். அப்புறம்தான் உங்க கடிதம் வந்தது. அந்தப் பதிலை எழுத எனக்கு மூணு நாள் ஆச்சு."

"இப்போதான் வந்தாச்சே. சொல்லிடேம்மா."

"சொன்னா என்ன பண்ணுவார்னு நினைக்கிறீங்க? நேரா மேல போவார். அது கட்டில்தான், எழுதிக்கோங்கன்னு நிப்பார்."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இரண்டு பேரும் வாயைக் கட்டிக்கொண்டோம்.

ஏழு வருஷம் கட்டிக்கொண்டோம். சுலபமில்லை. ஏனென்றால் சட்டதிட்டப்படி ஒவ்வொரு உறுப்பினரும் வருஷக் கண்காட்சியில் ஒரு படமாவது வைக்க வேண்டும், ட்ரோகிஷிடம் இருந்தது எண் பதினேழு மட்டும்தான். அதில் பொருள் இல்லை என்று தீர்மானமாகிவிட்டதால் மேல் எது, கீழ் எது என்பதும் இல்லாமல் போனது. முதல் வருஷம் யாரோ தலைகீழாக மாட்டினார்கள், அப்படியே நிலைத்துவிட்டது. வந்தவர்கள் நின்று நின்று பார்த்தார்கள். கொலோன்காரர் ஒருவர் விலைக்குக் கேட்டார், ட்ரோகிஷ் தரவில்லை. "இது என்னங்க?" என்று யாராவது கேட்டால், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றபடி, "ஒண்ணும் இல்லைங்க" என்பார். நாலு கால் ஆகாசத்தைப் பார்க்க, பானை மேலே தொங்க, அந்தக் கட்டில் படத்தின் சட்டத்தை செல்மா வாரா வாரம் துடைத்தாள். ஒருநாள்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

ஐம்பத்தாறில் சங்கம் அலுத்துவிட்டது. ரோலஃப் பெரிய ஆளாகி பாரிஸில் இருந்தான். எக்பெர்ட் பள்ளி ஆய்வாளராகிவிட்டார். ஒருவரை ஒருவர் கடிதத்தில் மட்டும் திட்டிக்கொண்டார்கள். கலைத்துவிடலாம் என்று கூட்டம் கூட்டினார்கள். கலைத்தால் கட்டடம் நகராட்சிக்குத் திரும்பும், நிலவறையும் போகும். அறுபதை நெருங்கும் மனுஷன் எங்கே போவார் என்று யாரும் கேட்கவில்லை. அவரும், "எல்லாருக்கும் சரின்னா நானும் தூக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

கூட்டத்தன்று காலை செல்மா அவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அறையே போகப்போகிறது, இனி எதைக் காப்பாற்ற மறைப்பது என்று நினைத்தாளாம். "அந்தச் சின்னத் தலையணை எனக்குத்தானே போட்டீங்க?" என்று கேட்டாள். அவர் காப்பியைக் கீழே வைத்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், என் கடிதத்தையும் சேர்த்து. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு மேலே போனார். சட்டைக்குப் பொத்தான் தப்பாகப் போட்டிருந்தது.

கூடத்தில் ஆறு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். "கலைக்கறதுக்கு முன்னால ஒரு திருத்தம். எண் பதினேழு கட்டிலுங்க. என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சிருக்கு. அதை மாத்தி எழுதுங்க, அப்புறம் எதுக்கு வேணா கை தூக்கறேன்," என்றார் ட்ரோகிஷ்.

வில்ட்ரூட் எழுந்து போய்ப் படத்தைத் திருப்பி நேராக மாட்டினாள். தள்ளி நின்று பார்த்தாள். "அடப்பாவமே, கட்டில்தான்," என்றாள். ஏழு கை உயர்ந்தது. அந்தச் சங்கத்தின் சரித்திரத்தில் பேச்சே இல்லாமல் ஏழு கை உயர்ந்தது அன்றைக்குத்தான். அடுத்த தீர்மானத்தில் சங்கத்தைக் கலைத்தார்கள். எக்பெர்ட் இரண்டையும் அழகான கையெழுத்தில் எழுதி, படத்தையும் சட்டத்திலிருந்து கழற்றிச் சேர்த்து நீதிமன்றத்துக்கு அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்துப் பதிவாளர் கெர்ஸ்டிங்கே கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரில் வந்தார். முதலில் என் கடையில் ஒரு பீர் குடித்தார், பாவம். பிறகு நிலவறைக்கு வழி கேட்டார். விடுவேனா, நானும் கூடவே இறங்கினேன். செல்மா கட்டிலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ட்ரோகிஷ் கொதிகலன் பக்கம் நின்றார்.

"நான் முப்பது வருஷமா இந்த வேலைல இருக்கேன். இப்படி ஒரு கோப்பு பார்த்ததில்லை," என்றார் கெர்ஸ்டிங். "இது கட்டில்னா இவர் நாற்பத்தொன்பதுலயே உறுப்பினர் இல்லை. உறுப்பினர் இல்லாதவர் கை தூக்குன எல்லாத் தீர்மானமும் செல்லாது. அப்போ கட்டில்ங்கற தீர்மானமும் செல்லாது. அது செல்லாதுன்னா இது கட்டில் இல்லை, இவர் உறுப்பினர்தான், தீர்மானம் செல்லும். செல்லும்னா இது கட்டில். என் சம்சாரம் என்னை டாக்டர்கிட்ட போகச் சொல்றா."

அவர் கோப்பிலிருந்து எண் பதினேழை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, நிஜக் கட்டிலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். தலையணைகளைப் பார்த்தார், சின்னதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"உட்கார்ந்து பாருங்க," என்றாள் செல்மா, நகர்ந்து இடம் விட்டு.

உட்கார்ந்தார். கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. "இதைக் காலி பண்ணச் சொன்னா எங்கம்மா போவீங்க?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க," என்றாள்.

கெர்ஸ்டிங் படத்தைக் கோப்பில் வைத்து நாடாவால் கட்டினார். இரண்டு முடிச்சுப் போட்டார், மேலே இன்னொன்றும் போட்டார். "இந்தக் கோப்பைத் தீர்க்க முடியாதும்மா. தீர்க்கற வரைக்கும் சங்கம் இருக்கு, சங்கம் இருக்கற வரைக்கும் நகராட்சி இங்க வர முடியாது. எனக்கு ரிட்டயர் ஆக எட்டு வருஷம் இருக்கு. எனக்குப் பின்னால வர்றவனுக்கும் புரியாதபடி ஒரு குறிப்பு எழுதி வெச்சுட்டுப் போறேன்."

ட்ரோகிஷ் தொண்டையைச் செருமினார். மற்ற ஆறு பேரும் இவர் கை சேராமல் தனியாக உட்கார்ந்து, இது கட்டில்தான், சங்கம் கலைந்தது என்று புதுசாக ஒரு தரம் கை தூக்கினால் இந்தச் சிக்கல் ஒரு நிமிஷத்தில் அவிழ்ந்துவிடும், அறையும் போய்விடும் என்பது எனக்கே தோன்றியிருந்தது, பத்தொன்பது வருஷம் பிரேக் பார்த்தவருக்குத் தோன்றாமல் இருக்குமா? அவர் விரலைத் தூக்கினார், வாயைத் திறந்தார். செல்மா கத்தியையும் கிழங்கையும் மடியில் வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். பதிவாளரைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு, குனிந்து, கொதிகலனில் ஒரு சட்டி கரியை அள்ளிப் போட்டார்.